கொட்டேஷனில் கையெழுத்து: யாரிடம், எப்போது, எதற்குக் கீழே?

கேள்வி: கோவையில் ஏசி மாட்டும் வேலையும் அதையொட்டிய வயரிங் வேலையும் எடுத்துச் செய்கிறேன். ஆறு பையன்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினால் பார்ட்டி போனில் "சரிங்க, ஆரம்பிச்சிடுங்க" என்பார். பில் கொடுக்கும்போதுதான் "பைப்பெல்லாம் சேர்த்துத்தானே சொன்னீங்க" என்று கிளம்புகிறது. கையெழுத்து வாங்கினால் சட்டப்படி செல்லுமா? போனில் விரலால் போடும் கையெழுத்து போதுமா? கேட்டால் முகம் சுளிக்கிறார்களே, எப்படிக் கேட்பது? ஏற்கெனவே ஒருவர் 18,500 ரூபாய் பாக்கி வைத்திருக்கிறார். அவரிடம் கையெழுத்து எதுவும் வாங்கவில்லை.

பதில்:

வாங்குங்கள். ஆனால் கையெழுத்து கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பார்ட்டி சொன்னதையே பாருங்கள். "நான் வேலையே சொல்லலை" என்று அவர் சொல்லவில்லை, "பைப் சேர்த்துத்தானே" என்கிறார். ஏசி, வயரிங், பெயின்டிங், வாட்டர்ப்ரூஃபிங் என்று நான் பார்த்த தகராறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒப்புக்கொண்டாரா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எதை ஒப்புக்கொண்டார் என்பதில்தான் சண்டை. வெறும் மொத்தத் தொகைக்குக் கீழே வாங்கிய கையெழுத்து அந்தச் சண்டையில் ஒரு பைசாவுக்கும் உதவாது. கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பார்கள். வேலை நடுவில் மாறியபோது மறுபடி ஒன்று வாங்கினீர்களா என்று பார்ப்பார்கள். இந்த இரண்டாவதைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். அதற்குக் கீழே விரிவாக வருகிறேன்.

சட்டத்தை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி உங்கள் மாதிரி வேலைகளுக்கு எழுத்தோ கையெழுத்தோ கட்டாயம் கிடையாது. வாயால் பேசிக்கொண்டதும் ஒப்பந்தம்தான். நீங்கள் கொடுக்கும் கொட்டேஷன் முன்மொழிவு, பார்ட்டி ஏற்றுக்கொண்டால் அது ஒப்பந்தம். அந்த ஏற்பு முழுதாக, நிபந்தனை எதுவும் சேர்க்காமல் இருக்க வேண்டும் என்கிறது 7-வது பிரிவு. வாயைத் திறக்காமல் செயலாலும் ஏற்கலாம் என்கிறது 8-வது பிரிவு. அதாவது கொட்டேஷனைப் பார்த்துவிட்டு அதில் கேட்ட அட்வான்ஸை அனுப்பினாலே ஏற்றுக்கொண்டதாக ஆகும். இனாமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்துகொடுத்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்று 70-வது பிரிவும் இருக்கிறது. உங்கள் 18,500 ரூபாய்க்கு அந்தப் பிரிவு கொஞ்சம் தெம்பு கொடுக்கும்.

அப்படியென்றால் கையெழுத்து எதற்கு? பேசியது இதுதான் என்று காட்டுவதற்கு. எழுத்தில் வந்துவிட்ட நிபந்தனையை மாற்றியோ மறுத்தோ வாய்ப்பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவருவதைச் சாட்சியச் சட்டம் பெரும்பாலும் அனுமதிக்காது. பழைய சட்டத்தில் இது 91, 92 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 94, 95. இது இருவரையும் கட்டும். "பைப் சேர்த்தின்னு வாயால சொன்னாரு" என்று அவர் சொல்வது எடுபடாதது போலவே, "ஸ்டாண்ட் தனின்னு அன்னைக்கே சொன்னேனே" என்று நீங்கள் சொல்வதும் எடுபடாது. ஆகவே எழுதும்போதே சரியாக எழுத வேண்டும்.

ஒரு 1.5 டன் ஸ்பிளிட் ஏசி மாட்டும் வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் "ஏசி இன்ஸ்டலேஷன் - 1" என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தொகை, கீழே ஒரு கோடு என்று கொடுத்துவிடுகிறார்கள். இதில் கையெழுத்து வாங்கி என்ன பயன்? நான் இப்படி எழுதச் சொல்வேன்:

"கொட்டேஷன் எண் 214. முதல் மாடி, மேற்குப் படுக்கையறை. 1.5 டன் ஸ்பிளிட் ஏசி ஒன்று மாட்டுதல். இன்டோர்: ஜன்னலுக்கு எதிர்ச்சுவர். அவுட்டோர்: மொட்டை மாடி. காப்பர் பைப்: ஏசியோடு வரும் 3 மீட்டர் இதில் சேர்த்தி. அதற்கு மேல் ஆகும் பைப்புக்கு மீட்டர் கணக்கில் தனி ரேட் (இன்சுலேஷன், டேப் சேர்த்து). வேலை முடிந்ததும் உங்கள் முன்னால் அளந்து காட்டப்படும். இன்று பார்த்த அளவில் சுமார் 7 மீட்டர் ஆகலாம். சுவரில் துளை: 1. இதில் சேராதவை: அவுட்டோர் ஸ்டாண்ட், ஸ்டெபிலைசர், டிபியிலிருந்து (மின் விநியோகப் பெட்டி) புது லைன் இழுப்பது, துளை போட்ட இடத்தில் பட்டி, பெயின்ட், பழைய ஏசியைக் கழற்றுவது."

"சுமார் 7 மீட்டர் ஆகலாம்" என்ற அந்த ஒரு வரியைக் கவனியுங்கள். கூடுதல் பைப்புக்கு ரேட் மட்டும் எழுதினால், எவ்வளவு ஆகும் என்று பார்ட்டி யோசிக்க மாட்டார். ஏழு மீட்டர் என்று எழுதினால் அந்த இடத்திலேயே, "அப்ப நாலு மீட்டருக்குத் தனியா ஆகுங்களா?" என்று கேட்டுவிடுவார். அந்தக் கேள்வி பில் போடும் அன்று வராமல் கொட்டேஷன் கொடுக்கும் அன்றே வருவது உங்களுக்குத்தான் லாபம். "அவுட்டோரைப் பால்கனியிலயே வச்சுக்கலாமா?" என்று அவரே மாற்றிக்கொள்ளவும் கூடும். வேலை சின்னதாகலாம், ஆனால் பாக்கி நிற்காது.

"சேராதவை" என்ற பகுதி மற்றதைவிடச் சின்ன எழுத்தில் இருக்கக் கூடாது. தாளின் பின்பக்கமும் போகக் கூடாது. கையெழுத்துக் கோட்டுக்கு நேர் மேலே வர வேண்டும். "நிபந்தனைகள் பின்பக்கம்" என்று அச்சடித்துவிட்டு முன்பக்கம் மட்டும் கையெழுத்து வாங்கினால், அவர் பார்க்கவே இல்லை என்று சொல்ல வழி வைக்கிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற பிரிவே இருக்கிறது. "கொடுத்த அட்வான்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் திரும்பாது" போன்ற ஒருதலைப்பட்சமான வரிகளைப் போட்டுக் கையெழுத்து வாங்கினாலும் அவை நிற்கும் என்று நம்பாதீர்கள். இன்னொன்று, தமிழ் படிக்கிற வீட்டுக்கு ஆங்கிலத்தில் கொட்டேஷன் கொடுக்காதீர்கள். "எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாதுங்க, நீங்க சொன்னீங்கன்னு போட்டேன்" என்ற ஒரு வாக்கியத்தில் உங்கள் கையெழுத்தின் பலம் பாதி போய்விடும்.

வரி விஷயத்தில் மங்கலாக எழுதினால் அடி நிச்சயம். "46,500" என்று மட்டும் இருந்தால், பார்ட்டி கணக்கில் அது வரி உட்பட, உங்கள் கணக்கில் வரி தனி. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அடிப்படைத் தொகை, வரி, மொத்தம் என்று மூன்று வரியாகப் பிரித்து எழுதுங்கள். பதிவு இல்லையென்றால் வரி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்க முடியாது. அதையும் தெளிவாக எழுதிவிடுங்கள். ஏசி மெஷினையும் நீங்களே வாங்கிக் கொடுப்பவராக இருந்தால் "பில் போடும் நாளின் வரி விகிதப்படி" என்று ஒரு வரி அவசியம். 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன் மொத்தத் தொகைக்கு மட்டும் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு பில் போட்டவர்களிடம் "குறைஞ்ச பத்துப் பர்சன்ட் யாருக்கு?" என்று கேட்டால், அந்தக் காகிதத்தில் பதில் இருக்காது.

கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்றும் தேதி போடுங்கள். காப்பர் விலை நிலையாக நிற்பதில்லை. தேதி போடாத கொட்டேஷனை மூன்று மாதம் கழித்து எடுத்து நீட்டி "இதே ரேட்டுக்கு வாங்க" என்பவர்கள் உண்டு. 15 நாள் என்று எழுதியிருந்தால் அதற்குப் பிறகு அந்த முன்மொழிவு காலாவதி. தேதி போட மறந்திருந்தாலும், அவர் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லுமுன் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதைப் பேசிப் புரியவைப்பதற்குள் பார்ட்டியே போய்விடுவார்.

இப்போது கையெழுத்து போடும் இடத்தில் நடக்கும் ஒரு விஷயம். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது 46,500? ரவுண்டா 45 போட்டுக்குங்க" என்று பேனாவால் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். நீங்களும் சிரித்துக்கொண்டே மடித்துப் பையில் வைத்துவிட்டு மறுநாள் ஆள் அனுப்புவீர்கள். சட்டப்படி இங்கே நடந்தது வேறு. உங்கள் கொட்டேஷனை அவர் ஏற்கவில்லை, 45,000 ரூபாய்க்கு அவர் ஒரு எதிர் முன்மொழிவு கொடுத்திருக்கிறார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வேலையை ஆரம்பித்ததால் அதை ஏற்றுக்கொண்டீர்கள். பிறகு 46,500-க்கு பில் போட்டால் தப்பு உங்கள் மேல். சம்மதம் என்றால் திருத்தத்துக்குப் பக்கத்தில் நீங்களும் இனிஷியல் போடுங்கள். சம்மதம் இல்லையென்றால் அங்கேயே சொல்லிவிட்டுப் புதுத் தாளில் எழுதுங்கள். தொகையைக் குறைத்தால் வேலையிலும் எதையாவது குறைத்து எழுதுவது நல்ல பழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த முறை சும்மா அடித்து எழுத மாட்டார்.

யார் கையெழுத்து என்பது அடுத்தது. இதில்தான் வீட்டு வேலை எடுப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் இருப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர். பீளமேட்டில் அப்பா இருப்பார், துபாயிலிருந்து பையன் பணம் அனுப்புவார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு "பையன் பாத்துக்குவான்" என்பார். பையனோ "எனக்கு யாரும் சொல்லலையே" என்பார். இங்கே அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே தாளைப் போட்டோ எடுத்துப் பையன் எண்ணுக்கு அனுப்பி, அவரிடமிருந்தும் எழுத்தில் ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் அவர் கணக்கிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

வாடகை வீடு என்றால், சுவரில் துளை போடவும் புது லைன் இழுக்கவும் வீட்டுக்காரரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும், பணத்துக்குக் குடியிருப்பவரின் கையெழுத்து வேண்டும். அடுக்குமாடி சங்கத்தின் பொது வேலை என்றால், செயலாளர் தனியாகப் போட்ட கையெழுத்தோடு நிற்காதீர்கள். சங்கத்தின் லெட்டர்பேடில் ஒர்க் ஆர்டர், சீல், முடிந்தால் தீர்மானத்தின் நகல். அடுத்த வருடம் நிர்வாகிகள் மாறினால் புதியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பில்டரிடம் வேலை எடுத்தால் சைட் இன்ஜினியர் "ஓகே, போடுங்க" என்று எழுதிக் கொடுத்ததை முழுதாக நம்பாதீர்கள். அவருக்கு அந்த அதிகாரம் இருப்பதுபோல முதலாளி நடந்துகொண்டிருந்தால் முதலாளியையே அது கட்டும் என்று வாதாட ஒப்பந்தச் சட்டத்தின் 237-வது பிரிவு இருக்கிறது. ஆனால் வாதாடும் நிலைக்குப் போகாமல் இருப்பதற்குத்தானே கையெழுத்து? ஆபீசிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரட்டும், பிறகு கருவியை எடுங்கள்.

வேலைக்காரம்மா, வாட்ச்மேன், கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பிள்ளை, இவர்களிடம் கொட்டேஷனில் கையெழுத்து வாங்கவே கூடாது. 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்துப் போடத் தெரியாத பெரியவர் என்றால் கைநாட்டு செல்லும். எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, வீட்டில் இன்னொருவரைச் சாட்சியாகப் போட வையுங்கள். எல்லாத் தாளிலும் கையெழுத்துக்குக் கீழே பெயர், உறவு அல்லது பதவி, போன் எண், தேதி இருக்க வேண்டும். வெறும் சுழிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து "இது யாரோடது?" என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆதார் ஜெராக்ஸ் மட்டும் கேட்காதீர்கள். ஏசி மாட்ட அது தேவையே இல்லை, வாங்கி வைத்தால் பத்திரமாக வைக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

"முகம் சுளிக்கிறார்கள்" என்றீர்கள். கேட்கும் நேரமும் கேட்கும் விதமும்தான் காரணம் என்று நினைக்கிறேன். எல்லாம் பேசி முடித்து, காபி குடித்து, கிளம்பும்போது தாளை நீட்டி "இதுல ஒரு சைன் போடுங்க சார்" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "ஏனுங்க, எங்கள நம்பமாட்டீங்களா?" என்றுதான் கேட்பார். அளவு எடுத்த கையோடு, டேப் இன்னும் கையில் இருக்கும்போதே எழுத ஆரம்பியுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். "நீங்க சொன்னதத்தானுங்கம்மா எழுதியிருக்கேன். எதாச்சும் விட்டுப்போயிருந்தா இப்பவே சேத்துக்கலாங்க. நாளைக்கு வர்ற பையனுக்கும் இதத்தான் குடுத்தனுப்புவேன், அவன் இதப் பாத்துத்தான் செய்வான்." இதில் பொய் ஒன்றும் இல்லை, அந்தத் தாள் முதலில் உங்கள் டெக்னீஷியனுக்குத்தான் தேவை. அடுத்து, நீங்கள் முதலில் கையெழுத்துப் போடுங்கள். "என் கையெழுத்து உங்ககிட்ட இருக்கும், உங்களோடது என்கிட்ட இருக்கும்" என்று சொல்லிக் கார்பன் காப்பியைக் கிழித்து அவர் கையில் கொடுங்கள். தன் கையிலும் ஒரு தாள் இருக்கிறது என்றால் பெரும்பாலானவர்கள் அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை.

சொந்தக்காரர், பழைய பார்ட்டி, கூடப் படித்தவர் என்று விதிவிலக்கு வைக்காதீர்கள். அதிகம் இழுபறியாவது அவர்களிடம்தான். "எல்லாருக்கும் இதே புக்குதான் மாமா" என்றால் முடிந்தது. மறுபக்கம், எல்லாவற்றுக்கும் கையெழுத்து என்று ஆரம்பித்தாலும் கதை நடக்காது. வாட்டர் சர்வீஸ், கேஸ் செக்கிங் மாதிரி சின்ன வேலைக்கு ஜாப் கார்டு போதும். தேதி, மாடல், என்ன புகார், என்ன மாற்றினோம், எவ்வளவு என்பது அதில் இருக்கும். பாகம் மாற்ற வேண்டி வந்தாலோ தொகை ஐயாயிரத்தைத் தாண்டினாலோ கொட்டேஷன் என்று ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழிலுக்கு அது மூவாயிரமாகவும் இருக்கலாம், பத்தாயிரமாகவும் இருக்கலாம்.

என்ன சொன்னாலும் போட மாட்டேன் என்பவர்களும் உண்டு. மல்லுக்கட்ட வேண்டாம். கொட்டேஷனைப் பிடிஎஃப்பாக அனுப்பி, "இதில் உள்ளபடி அட்வான்ஸ் அனுப்பியதும் வேலை ஆரம்பிக்கிறோம்" என்று கீழே எழுதுங்கள். ஜிபேயிலோ போன்பேயிலோ அனுப்பும்போது குறிப்பில் "கொட்டேஷன் 214 அட்வான்ஸ்" என்று போடச் சொல்லுங்கள். முன்பு சொன்ன 8-வது பிரிவு இங்கே வேலை செய்யும். எண், தேதி, தொகை மூன்றும் வங்கிப் பதிவோடு ஒட்டிக்கொண்டுவிடும். சில நேரம் இது கையெழுத்தைவிட உறுதி. கையெழுத்து என்னுடையது இல்லை என்று சொல்லலாம், தன் கணக்கிலிருந்து போன பணத்தை அப்படிச் சொல்ல முடியாது.

போனில் போடும் கையெழுத்துக்கு வருவோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, மின் கையெழுத்து என்று ஏற்பது குறிப்பிட்ட சில முறைகளைத்தான்: யுஎஸ்பி டோக்கன் வைத்துப் போடும் டிஜிட்டல் கையெழுத்து (டிஎஸ்சி), ஆதார் ஓடிபி மூலம் போடும் இ-சைன் போன்றவை. திரையில் விரலால் கிறுக்கிய படம் அந்த வகையில் வராது. அதற்காக அது குப்பை என்று அர்த்தமில்லை. மின்வழியில் உண்டானது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது அதே சட்டத்தின் 10ஏ பிரிவு. உயில், பவர் பத்திரம் மாதிரி ஒதுக்கி வைத்த ஆவணங்களின் பட்டியலில் கொட்டேஷன் கிடையாது. டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரத்தில் கையெழுத்தாகாமலே, மின்னஞ்சலில் பேசி முடித்த பாக்சைட் வியாபாரத்தை முடிந்த ஒப்பந்தமாக 2010-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே விரல் கையெழுத்தும், வாட்ஸ்அப் பதிலும் ஏற்றுக்கொண்டதற்கான சாட்சியாக நிற்கும். எவ்வளவு வலுவாக நிற்கும் என்பது அதைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

"ஓகே" என்று மட்டும் வந்த பதில் பலவீனமானது. எதற்கு ஓகே? மேலே நீங்கள் அனுப்பியது மூன்று கொட்டேஷனாக இருந்தால்? அதனால் "சரி என்றால் 'கொட்டேஷன் 214, ரூ.46,500, சம்மதம்' என்று பதில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். அப்படியே காப்பி செய்து ஒட்டிவிடுவார்கள், யாரும் கோபிப்பதில்லை. கட்டைவிரல் இமோஜியை நம்ப வேண்டாம். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு விவசாயி, ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்துக்குக் கட்டைவிரல் இமோஜி அனுப்பினார். 2023-ல் நீதிமன்றம் அதைக் கையெழுத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு சுமார் 82,000 கனடிய டாலர் கட்டச் சொன்னது. படிக்கச் சுவாரசியமான தீர்ப்புதான். ஆனால் நம் ஊர் நீதிமன்றத்தை அது கட்டாது. வாய்ஸ் மெசேஜில் சம்மதம் சொன்னாலும் "ஒரு வரி டைப் பண்ணிடுங்க சார்" என்று கேட்டு வாங்குங்கள்.

இவையெல்லாம் வழக்கில் எடுபட ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்வார்களே, அது இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-வது பிரிவு. சான்றிதழில் இரண்டு பகுதி: ஒன்று நீங்கள் தருவது, மற்றது நிபுணர் தருவது, பதிவின் ஹாஷ் மதிப்பையும் (பதிவு மாறவில்லை என்று காட்டும் குறியீட்டு எண்) குறிக்க வேண்டும். மூலப் போனையே நீதிமன்றத்தில் காட்ட முடியாதபோது இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சின்னத் தொழிலுக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: வியாபாரத்துக்குத் தனி எண் வைத்துக்கொள்ளுங்கள், தானாக அழியும் மெசேஜ் வசதியை அணைத்து வையுங்கள், போன் மாற்றும்போது பேக்கப் எடுங்கள், பழைய போனைப் பையனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டோடு போனால் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே அதில்தான் இருக்கும்.

செயலி வாங்கலாமா என்றால், ஆறு பேர் இருக்கும் நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டி இ-சைன் சேவை வாங்குவது தேவையில்லை என்பது என் கருத்து. ஜோஹோ இன்வாய்ஸ் மாதிரி ஒன்றில் கொட்டேஷன் அனுப்பினால் பார்ட்டி அதிலேயே ஏற்கலாம், பதிவும் தானாக நிற்கும். நிறுவனங்களிடம் வேலை எடுத்தால் அது கௌரவமாகவும் இருக்கும். வீட்டு வேலைக்கு எண் அச்சடித்த கார்பன் புத்தகமும், கையெழுத்தான தாளை அங்கேயே போட்டோ எடுத்துப் பார்ட்டிக்கு அனுப்பும் பழக்கமும் போதும். காகிதம் தொலைந்தால் போட்டோ இருக்கும், போன் போனால் காகிதம் இருக்கும். தெர்மல் பிரிண்டரில் மட்டும் அடிக்காதீர்கள், ஒரு கோடை தாங்காது.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். வேலை நடுவில் வரும் கூடுதல் வேலை. கொட்டேஷனில் கச்சிதமாகக் கையெழுத்து வாங்கியவர்களும் பணத்தை விடுவது இங்கேதான். பையன் துளை போடும்போது உள்ளே கம்பி தட்டும், இடத்தை மாற்ற வேண்டிவரும், பைப் நீளும். அல்லது பழைய லைன் லோடு தாங்காது என்று தெரியவரும். அல்லது வீட்டம்மா வந்து, "தம்பி, அப்படியே அந்த ஹால் ஃபேனையும் மாத்திடுப்பா, பக்கத்து ரூமுக்கும் ஒரு பாயின்ட் இழுத்துடு" என்பார். பையன் "சரிங்கக்கா" என்று செய்துவிடுவான். பேசியது அக்காவும் தம்பியும், பில் போடுவது நீங்கள், பணம் கொடுப்பது மாலையில் ஆபீசிலிருந்து வரும் அவர் கணவர். அவருக்குத் தெரிந்த ஒரே தொகை காலையில் கையெழுத்துப் போட்ட 46,500. அவர் கோபப்படுவதில் என்ன தப்பு?

இதற்கு அரைத்தாள் அளவில் "கூடுதல் வேலை" என்று தலைப்புப் போட்ட ஒரு புத்தகத்தை ஒவ்வொரு டெக்னீஷியன் பையிலும் வையுங்கள். அதில் நான்கே வரி: மூலக் கொட்டேஷன் எண், என்ன வேலை, ஏன் வந்தது, எவ்வளவு. "கொ.எண் 214. பழைய வயர் சூடாகிறது. டிபியிலிருந்து புது லைன் 11 மீட்டர், எம்சிபி 1. கூடுதல் ரூ.4,200. புது மொத்தம் ரூ.50,700." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கூடுதல் எவ்வளவு என்று மட்டும் எழுதினால் மனக்கணக்கு ஆளுக்கொன்றாகப் போகும். புது மொத்தம் எழுதினால் அவர் மனதில் பழைய தொகை அழிந்து இது பதியும். வேலை செய்வதற்கு முன் கையெழுத்து. பணம் கொடுப்பவர் வீட்டில் இல்லையென்றால், தாளையும் சூடான வயரையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை வேறு வேலையைப் பார்க்கட்டும்.

பையன்கள் முதலில் செய்ய மாட்டார்கள். கூச்சம், அவசரம். "ரெண்டு நிமிஷ வேலைண்ணா, அதுக்குப் போய் எழுதிக்கிட்டு..." என்பார்கள். சீட்டு இல்லாத கூடுதல் வேலைக்குப் பில்லில் தொகை சேராது என்று நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். அவன் சீட்டு வாங்கிய கூடுதல் வேலையில் அவனுக்குச் சின்ன இன்சென்டிவ் கொடுத்தால் இன்னும் வேகமாகப் பழகிவிடுவான். இனாமாகச் செய்து கொடுப்பதென்றாலும் சீட்டில் எழுதி "ரூ.0" என்று போடச் சொல்லுங்கள். கொடுத்த சலுகை கண்ணில் படும், அடுத்த முறை அது உரிமையாக மாறாது.

முடிவில் மூன்றாவதாக ஒரு கையெழுத்து: "வேலை முடிந்தது, ஓட்டிக் காட்டப்பட்டது, பைப் 7.2 மீட்டர், மீதி ரூ. இவ்வளவு." ஏசி ஓடி, தண்ணீர் சரியாக வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் இது. காலையிலேயே எல்லாத் தாளிலும் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தெரியவந்தால் உங்கள் நல்ல காகிதங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். வேலை செய்த கூலிக்கு வழக்குப் போட, பணம் தரும் தேதி என்று தனியாகப் பேசாவிட்டால், வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு. அந்தக் கெடுவுக்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தால், அன்றிலிருந்து மூன்று வருடம் புதிதாகத் தொடங்கும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கணக்குக் காகிதங்களை ஆண்டு ரிட்டன் கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதால், கொட்டேஷன் புத்தகத்தையும் அதோடு கட்டி வையுங்கள்.

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினால்தான் கொட்டேஷன் செல்லும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு ரூபாய் ஸ்டாம்ப் 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கியதற்கான ரசீதுக்கு உரியது. அட்வான்ஸை ரொக்கமாக வாங்கி ரசீது கொடுத்தால் அதில் ஒட்டுங்கள், கொட்டேஷனில் வேண்டாம்.

கம்பெனி, மில், மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை எடுத்தால் உதயம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) முன்கூட்டியே செய்துவிடுங்கள். குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் பேசிய தேதிக்குள், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்தச் சட்டப்படி புகார் கொடுக்கும்போது உங்களிடம் கேட்பது பர்ச்சேஸ் ஆர்டரும், வேலை முடிந்ததற்கான கையெழுத்தும்.

கடைசியாக அந்த 18,500. போனில் சண்டை போடுவதை நிறுத்திவிட்டு, நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: கொட்டேஷன் அனுப்பிய நாள், அவர் போனில் பேசிய நாள், அட்வான்ஸ் வந்த நாள், மாட்டிய நாள், பைப் எவ்வளவு ஆனது, பாக்கி எப்படி வருகிறது. பைப்பை அவர் முன்னால் மறுபடி அளந்து காட்டத் தயார் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். "அடுத்த மாசம் பாதி தரேன்" என்று பதில் வந்தால், அதையே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பதிலே இல்லையென்றால், வக்கீல் நோட்டீசுக்குச் செலவு செய்வதற்கு முன் கோவை நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்துப் பாருங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அவரும் இசைந்து மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால், அந்த உத்தரவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. போகும்போது அட்வான்ஸ் வந்த வங்கிப் பதிவையும், பழைய சாட் இருக்கும் அந்தப் போனையும் கையோடு கொண்டுபோங்கள்.